மூக்கில் முளைக்கும் முள்: உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் தோலில் வைரஸ் செய்யும் வேலை

விரலால் தடவினால் மூக்கு சொரசொரவென்று இருக்கிறது. வெளிச்சத்தில் முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாகப் பருக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழை கனத்தில் வெளிறிப்போன, விறைப்பான ஒரு முள். நெற்றி, கன்னம், காது மடல் என்று பரவுகிறது. புருவ முடி கொட்டுகிறது, சிலருக்கு இமை முடியும். வலி இல்லை, அரிப்பும் பெரும்பாலும் லேசுதான். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் வீட்டில் முகப்பரு என்பார்கள். பெரியவர் என்றால் உடம்புச் சூடு என்பார்கள். மருந்துக் கடையில் பருவுக்கு ஒரு கிரீம் வாங்கிப் பூசுவார்கள். அது கேட்காது.

இந்த நோயின் பெயர் ட்ரைக்கோடிஸ்பிளேசியா ஸ்பைனுலோசா. உலக அளவில் மருத்துவ இதழ்களில் பதிவானவர்களே மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகமோ இதயமோ மாற்றிக்கொண்டவர்கள், அல்லது ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள். இத்தனை அபூர்வமான ஒன்றைச் சிங்கப்பூரில் இருக்கும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் தோலில் வரும் வைரஸ் நோய்களில் பலவற்றுக்கு இதே குணம் உண்டு என்பதால்தான். பரு, தேமல், மரு, அக்கி என்று நமக்குப் பழகிப்போன தொந்தரவுகளின் முகத்தோடு அவை வரும். ஆனால் வைத்தியம் பாதிக்கு மேல் காலையும் இரவும் விழுங்கும் மாத்திரைகளின் அளவில் இருக்கிறது. ஆகவே தோலைப் பார்ப்பவர் அந்த அளவைத் தீர்மானிப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவரோடு பேசுபவராகவாவது இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கதை கொஞ்சம் நீளம்.

மாத்திரை எதை அடக்குகிறது

சிங்கப்பூரில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1970இல் நடந்தது. முன்கூட்டியே மறுப்புச் சொல்லாதவர் இறந்தால் அவர் உறுப்பை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. அது தொடக்கத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமே பேசியது. 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி சேர்ந்தன. விபத்து என்ற நிபந்தனையும் போனது. 2008இல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். அடுத்த ஆண்டு 60 வயது வரம்பு நீங்கியது. உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பதும் உண்டு. நீரிழிவும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிற ஒருவரை அறியாதவர்கள் குறைவு. அவர்களில் சிலர் ஒருநாள் மாற்று உறுப்பு பெறுகிறார்கள். அன்றிலிருந்து மாத்திரை டப்பா ஆரம்பிக்கிறது.

1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர். புதிய சிறுநீரகம் வேற்றாளுடையது என்று உடம்புக்குத் தெரியவே இல்லை. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. உடம்பு புதிய உறுப்பைத் தாக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்க வேண்டும். அதற்கான முக்கிய மருந்துகளில் மூன்று, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தவை: சைக்ளோஸ்போரின் நார்வேயின் மேட்டுநிலத்து மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து, டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து, சிரோலிமஸ் 1964இல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலிருந்து. (மண் கொடுத்த மருந்துகளைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) இவற்றோடு மைக்கோஃபினோலேட் அல்லது அசதயோப்ரின், கொஞ்சம் பிரெட்னிசோலோன். வழக்கமான கூட்டணி இது.

இந்த மருந்துகள் முக்கியமாகக் கட்டிப்போடுவது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை. மாற்று உறுப்பை அந்நியம் என்று கண்டுபிடிப்பவை அவைதான். வைரஸ் புகுந்த ஒரு தோல் செல்லைக் கண்டுபிடித்து அழிப்பவையும் அவைதான். ஒரு வேலையை நிறுத்தி மற்றதை விட்டுவைக்க மாத்திரைக்குத் தெரியாது. அதனால்தான் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி அளக்கிறார்கள். பரிசோதனை நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த பிறகு கேண்டீனில் உட்கார்ந்து போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அளவு குறைந்தால் உடம்பு உறுப்பை நிராகரிக்கும் ரிஜெக்‌ஷன் பயம். கூடினால் கிருமி பயம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகலானது, ஆளுக்கு ஆள் மாறுவது.

ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். அந்த அளவு இந்த மனிதருக்கு அதிகமா என்பதை எப்போதும் சொல்லாது. அதைச் சில நேரம் தோல் சொல்கிறது.

பிடுங்கி எடுத்த முள்ளில் ஒரு வைரஸ்

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் 'பிகே' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அந்த வைரஸ் 1971இல் லண்டனில் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் முதலில் காணப்பட்டது. அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் வைரஸின் பெயர். பாலியோமா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் இந்தக் குடும்பத்து வைரஸ்கள் சிறு வயதிலேயே நுழைந்து, வாடகை கொடுக்காமல், சத்தம் போடாமல் ஒட்டுக்குடித்தனம் நடத்துகின்றன.

மூக்கில் முள் வரும் நோய்க்கு 1999இல் இன்றைய பெயர் வைக்கப்பட்டது. அதற்கு முன் சைக்ளோஸ்போரின் மருந்தின் பக்கவிளைவு என்றே நினைத்தார்கள். அந்த மருந்து முடி வளர்ச்சியைத் தூண்டுவது தெரிந்ததுதான் என்பதால் நினைப்பதற்கு நியாயமும் இருந்தது. பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மயிர்க்கால் செல்களுக்குள் வைரஸ் துகள்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எந்த வைரஸ் என்று தெரிய 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், இதயம் மாற்றப்பட்ட 15 வயதுப் பையன் ஒருவனின் முகத்திலிருந்து அந்த முட்களைப் பிடுங்கி, அவற்றிலிருந்தே வைரஸின் மரபணுவை முழுதாக வாசித்தார்கள். பிகே வைரஸின் உறவுக்காரன்தான் அது. கத்தி வைக்கவில்லை, தையல் போடவில்லை. முகத்தில் முளைத்ததைப் பிடுங்கியதிலேயே காரணம் கிடைத்துவிட்டது.

அந்த முள் உண்மையில் முடி அல்ல. மயிர்க்காலின் உள்ளுறையைச் செய்யும் செல்களில் வைரஸ் புகுந்து, அவற்றை அளவுக்கு மீறிப் பெருக வைக்கிறது. முடியாக வளர வேண்டிய இடத்தில் நகத்தையும் முடியையும் உண்டாக்கும் கெரட்டின் புரதம் குவிந்து, தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. புருவம் கொட்டுவதும் அதனால்தான்.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. உடம்பில் ஏற்கெனவே தங்கியிருந்த வைரஸ், எதிர்ப்பு குறைந்ததும் கிளம்பி வருகிறது என்ற கதை பிகேவுக்கும் அக்கிக்கும் பொருந்தும். மூக்கு முள்ளும் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2017இல் அதே லைடன் குழு நோயாளிகளின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, நோய் வருவதற்கு முன் அவர்களிடம் அந்த வைரஸுக்கு எதிரான புரதமே இருக்கவில்லை என்று தெரிந்தது. அதாவது அவர்கள் அந்த வைரஸை முதல் முறையாகச் சந்தித்ததே மாத்திரைக்கு அடங்கிய உடம்போடுதான். பெரியவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு இந்த வைரஸை எப்போதோ சந்தித்து, ஒன்றும் ஆகாமல் கடந்துவிடுகிறார்கள். பதிவானவர்களில் சிறுவர்களும் இளையோரும் கணிசமாக இருப்பது இதனோடு பொருந்துகிறது: உலகத்து வைரஸ்களையெல்லாம் சந்தித்து முடிப்பதற்குள் மாத்திரை தொடங்கிவிடுகிறது.

இதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். வைரஸைச் சுமப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒதுங்கித் தப்ப முடியாது, நோய் வந்தவரை ஒதுக்குவதற்கும் காரணம் இல்லை.

வைத்தியம் மூன்று வழிகளில் நடக்கிறது. எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொஞ்சம் குறைப்பது. சிடோஃபோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கிரீமாகக் கலந்து பூசுவது. இது கடையில் கிடைக்காது, மருத்துவமனை மருந்தகத்தில் தனியாகத் தயாரிக்க வேண்டும், விலையும் அதிகம், ஊசியாக ஏற்றினால் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும் மருந்து என்பதால் பூசும்போதும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, வால்கான்சைக்ளோவிர் மாத்திரை. சிஎம்வி வைரஸைத் தடுக்க அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் விழுங்கிய அதே மாத்திரை என்பதால் பலருக்கும் பெயர் பழக்கம். மூன்றையும் எந்த அளவில், எந்த வரிசையில் என்பது உறுப்பு எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் தோல் மருத்துவர் மட்டும் தனியாக முடிவெடுக்க முடியாது.

கிரீமுக்கு அடங்காத தேமல்

மூக்கு முள்ளைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது தேமல்தான். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் தேமல் வராதவர் யார்? கழுத்து, மார்பு, முதுகு, தோள் என்று வெளிர் திட்டுகள். பூஞ்சையால் வருவது, ஆபத்தில்லாதது; ஷாம்பூ மாதிரி ஒரு மருந்தைத் தேய்த்துக் குளித்தால் அடங்கும், அடுத்த வெயிலில் திரும்பும். உறுப்பு மாற்றிக்கொண்டவருக்கு அதே இடத்தில் அதே நிறத்தில் திட்டுகள் வந்தால், வீட்டில் யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் பார்க்காமல் போகலாம்.

எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ் என்ற நோய் 1922இல் முதலில் விவரிக்கப்பட்டது. மரபணுக் குறையோடு பிறக்கும் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே உடம்பெங்கும் தேமல் போன்ற திட்டுகளும் தட்டையான மருக்களும் வரும்; காரணம், மற்றவர்களின் தோலில் சத்தமில்லாமல் இருக்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸின் சில வகைகள், குறிப்பாக 5, 8 ஆகிய எண்கள் கொண்டவை. எந்த மரபணு என்று 2002இல் தெரிந்தது. பிறவிக் குறை எதுவும் இல்லாமலே, எதிர்ப்பு அடங்கிய உடம்பிலும் இதே தோற்றம் வரலாம் என்பது எச்ஐவி உள்ளவர்களிடமும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களிடமும் தெரிந்தது.

பூஞ்சைத் தேமலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரியும். இந்தத் தேமலில் தெரியாது. பூஞ்சைக் கிரீமை ஒழுங்காகப் பூசியும் திட்டு அசையாமல் இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். திட்டின் விளிம்பு கொஞ்சம் மேடிட்டிருக்கிறதா, புறங்கையிலும் முன்கையிலும் தட்டையான மருக்கள் கூட வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முடிவாகச் சொல்வது 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் தோலைத் துளைத்தெடுக்கும் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற சில நிமிட வேலை. நம் தோலில் தழும்பு கறுத்து நிற்கும் என்பதால் கழுத்திலோ மார்பிலோ எடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. மறைவான இடத்துத் திட்டிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

கண்டுபிடிப்பதால் என்ன லாபம்? அந்தத் திட்டுகளில் சில, முக்கியமாக வெயில் படும் இடத்தில் இருப்பவை, வருடங்கள் கழித்துச் செதில் செல் புற்றுநோயாக மாறக்கூடும். கண்காணிப்பில் வைத்துக்கொள்வதுதான் லாபம்.

மரு, வெயில், வெயில் படாத இடம்

சாதாரண மருக்கள் அபூர்வமே இல்லை. மாற்று அறுவை முடிந்து சில ஆண்டுகள் ஆனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மரு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றிரண்டாக நிற்காது, விரல் நுனி, நகச்சுற்று, பாதம் என்று கொத்தாக வரும், உறைய வைத்து எரித்தாலும் திரும்பும். பாலுண்ணியும் இவர்களுக்குச் சில நேரம் பட்டாணி அளவையெல்லாம் தாண்டிப் பெரிதாக வளரும்.

புற்றுநோய்க் கணக்கில்தான் கவனமாக இருக்க வேண்டும். நார்வேயில் சிறுநீரகமும் இதயமும் மாற்றிக்கொண்டவர்களை ஆராய்ந்தபோது, செதில் செல் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிட 65 மடங்கு அதிகம் என்று 1999இல் கணக்கிட்டார்கள். இந்த எண் பல கையேடுகளில் வரும். அது வெள்ளைத் தோலின் கணக்கு. நம் தோலில் இருக்கும் மெலனின் நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆசியர்களிடம் இந்த ஆபத்து மிகவும் குறைவு. அதனால் 'நமக்கு வராது' என்ற முடிவுக்கு வருவது எளிது. வந்தால் எங்கே வருகிறது என்பதுதான் வேறு செய்தி. கறுப்புத் தோல் உள்ள உறுப்பு மாற்று நோயாளிகளிடம் இந்தப் புற்றுநோய் வெயில் படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடை இடுக்கிலும், பாப்பிலோமா வைரஸோடு சேர்ந்து வருவது அமெரிக்க ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. யாரும் காட்டத் தயங்கும் இடம், மருத்துவரும் கேட்கத் தயங்கும் இடம். நம் பெரியவர்கள், பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டு வாங்கியாவது காட்ட வேண்டிய இடம் அது.

அதற்காக வெயிலை மறந்துவிடவும் முடியாது. சிங்கப்பூரில் நண்பகல் புறஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது சகஜம். அசதயோப்ரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த மருந்தின் மிச்சம் தோல் செல்களின் மரபணுவிலேயே உட்கார்ந்து, புறஊதா ஏ கதிர்களை உறிஞ்சிச் சேதத்தைக் கூட்டுகிறது. கட்டுமானத் தளத்திலோ துறைமுகத்திலோ வெயிலில் வேலை செய்பவர் இந்த மாத்திரையில் இருந்தால், அதை மருத்துவரிடம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

மருந்தை மாற்றினால் மறைந்த கட்டிகள்

தோல் நோய்க்கும் மாத்திரை அளவுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. கபோசி சார்கோமா என்ற கட்டியை 1872இல் மோரிட்ஸ் கபோசி விவரித்தார். அதற்குக் காரணமான எட்டாம் எண் ஹெர்பிஸ் வைரஸை 1994இல் அமெரிக்காவில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்தார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த வைரஸ் பரவலாக இருப்பதால், அங்கே உறுப்பு மாற்றிக்கொண்டவர்களிடம் இந்தக் கட்டி அதிகம். இத்தாலியில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 15 பேருக்கு இது வந்தபோது, சைக்ளோஸ்போரினை நிறுத்திவிட்டு சிரோலிமஸுக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் தோலில் இருந்த கட்டிகள் எல்லோருக்கும் மறைந்தன; சிறுநீரகமும் பிழைத்தது. 2005இல் வெளியான இந்த ஆய்வு, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு என்பதைக் காட்டியது. சிரோலிமஸுக்கு வாய்ப்புண், காயம் ஆறாமை, சிறுநீரில் புரதம் போவது என்று அதற்கே உரிய தொல்லைகள் உண்டு, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

பாடப்புத்தகத்தில் இந்தக் கட்டி ஊதா நிறம். கறுத்த தோலில் அது கரும்பழுப்பாக, அடிபட்டுக் கன்றிய இடம் மாதிரிதான் தெரியும். அடிபட்ட ஞாபகமே இல்லாமல் கன்றல் ஒன்று காலில் வாரக்கணக்கில் நின்றால் அது கன்றலாக இருக்காது.

அதே தம்பதி 2008இல் மெர்க்கல் செல் புற்றுநோய் என்ற அபூர்வமான தோல் புற்றுநோயில் இன்னொரு பாலியோமா வைரஸைக் கண்டார்கள். பெரும்பாலோர் தோலில் சும்மா இருக்கும் வைரஸ். ஆனால் இந்தப் புற்றுநோய்க் கட்டிகளில் சுமார் 80 விழுக்காட்டில் அது மனித மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொண்டிருக்கிறது. வலிக்காது, உறுதியாக இருக்கும், வாரங்களில் வளரும். வைரஸால் வரும் தோல் கட்டிகளில் இது மோசமானது. இதற்கு இன்று இருக்கும் சிறந்த மருந்துகள் டி செல்களை அவிழ்த்துவிட்டு வேலை செய்பவை. உறுப்பு மாற்றிக்கொண்டவரிடம் அவிழ்த்துவிட்டால் அவை மாற்று உறுப்பையும் தாக்கக்கூடும். டயாலிசிஸுக்குத் திரும்பலாம் என்பதால் சிறுநீரகக்காரருக்கு அந்தத் துணிச்சல் சாத்தியம். இதயம் மாற்றியவருக்கு அந்த வழி இல்லை.

நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஓரிருவருக்கு, ஏழாம் எண் பாலியோமா வைரஸால் உடம்பெங்கும் பழுப்புத் திட்டுகளும் தாங்க முடியாத அரிப்பும் வந்தது 2015இல் பதிவானது. பயாப்சியில் அந்தத் தோல் மயில் தோகை மாதிரித் தெரிகிறது என்று நோயியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அக்கியும் ஆட்டுப் புண்ணும்

அக்கி அபூர்வமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் குயவரிடம் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சிறு வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தங்கி, பல வருடம் கழித்து ஒரு பக்கமாகக் கொப்புளமாக வருவதுதான் அது. மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். உறுப்பு மாற்றிக்கொண்டவருக்கு இரண்டு பக்கமும் பரவி, நுரையீரலுக்கும் மூளைக்கும் போகக்கூடும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லது; தாண்டிவிட்டாலும் இவர்கள் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். வீட்டில் பேரப்பிள்ளைக்கு அம்மை கண்டால், தனக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றே மாற்று உறுப்புப் பிரிவுக்கு போன் செய்ய வேண்டும். தடுப்பு மருந்து கொடுக்கக் கால அவகாசம் சில நாள்தான். பழைய அக்கித் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருந்ததால் இவர்களுக்குப் போட முடியாது. ஷிங்ரிக்ஸ் என்ற புதிய தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து அது பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் மானியத்தோடு கிடைக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் 18 வயதிலிருந்தே போட்டுக்கொள்ளலாம்.

ஆடு, செம்மறி வாயில் வரும் புண்ணிலிருந்து கைக்குத் தொற்றும் ஓர்ஃப் என்ற வைரஸும் உண்டு. கறி வெட்டுபவர்களுக்கும் குர்பானிக்கு உதவுபவர்களுக்கும் விரலில் ஒரு கொப்புளமாக வந்து, சில வாரத்தில் தானே போய்விடும். மாத்திரையில் இருப்பவருக்கு அது விரலையே மூடும் கட்டியாக வளர்ந்திருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று பள்ளிவாசலில் உதவுவதென்றால் ஆட்டைப் பிடிக்கும் வேலையை வேறொருவருக்கு விட்டுவிடலாம்.

எங்கே, எப்படிக் காட்டுவது

நடைமுறையில் நடப்பது இது. மாற்று உறுப்பு கிளினிக்கில் பேச்சு கிரியேட்டினின், டாக்ரோலிமஸ் அளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஓடும். தோலைப் பற்றி வாயெடுப்பதற்குள் அடுத்த எண் கூப்பிட்டுவிடும். தோலுக்குப் பக்கத்துக் கிளினிக், இல்லாவிட்டால் பலதுறை மருந்தகம், இல்லாவிட்டால் தேக்காவில் தெரிந்த கடையில் ஒரு களிம்பு. கிளினிக் மருத்துவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும், நோயாளி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் பார்த்தால் அவருக்குத் தெரிவது தேமல்தான். மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோனால் அதே மருத்துவர் வேறு விதமாகப் பார்ப்பார். மாற்று உறுப்புப் பிரிவுக்கோ தேசியச் சரும நிலையத்துக்கோ கடிதம் கொடுப்பார்.

ஊருக்குப் போகும்போது வாங்கி வரும் களிம்புகளில் பெரும் தொல்லை, பூஞ்சை மருந்தையும் வீரியமான ஸ்டீராய்டையும் ஒன்றாகக் கலந்தவை. முதல் வாரம் அரிப்பு நின்று, நிறம் மாறி, குணமான மாதிரி இருக்கும். தோலில் மிச்சமிருந்த எதிர்ப்பையும் ஸ்டீராய்டு அடக்கிவிட்டதால் வைரஸுக்கு அது விருந்து. மூலிகை என்று விற்கும் சில பொருள்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை விடுவதும் இதனால்தான். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், லேகியம் விஷயத்தில் பயம் வேறு: அவற்றில் சில டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் அல்லது இறக்கும். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பம்பளிமாஸ் பழமே ஏற்றும். சிறுநீரகம் மாற்றிய ஒருவருக்கு அப்படி ஏறியது ஜப்பானில் பதிவாகியிருக்கிறது.

போனில் படம் எடுத்து வைப்பது உதவும், எடுக்கிற விதம் சரியாக இருந்தால். குளியலறை மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் கறுத்த தோலின் திட்டு தெரியவே தெரியாது. வீவக வீட்டின் சன்னல் பக்கம், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, ஒரு படம் தூரத்திலிருந்தும் ஒன்று அருகிலிருந்தும், அளவு தெரிய ஒரு 10 காசு நாணயத்தை ஒட்டி வைத்தும் எடுக்கலாம். மாதம் ஒரு முறை அதே இடத்தை அதே வெளிச்சத்தில் எடுத்தால் வளர்கிறதா என்பது தானே தெரியும். முதுகையும் காதின் பின்புறத்தையும் வீட்டில் இன்னொருவர்தான் எடுக்க வேண்டும். அடுத்த சந்திப்பில் கிரியேட்டினின் பேச்சு தொடங்குமுன் போனை மேசைமேல் வைத்து, "முதல்ல இதைப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிடலாம். மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், அதற்குப் பிந்திய வாரங்களில் ரத்தப் பரிசோதனை அடிக்கடி வரும். அந்த நாள்களில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. தோல் தெளியும்போதே ரிஜெக்‌ஷன் தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. தோல் தெளிவதற்கோ மாதக்கணக்கில் ஆகலாம். மாத்திரையைத் தானாகக் குறைத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் சிறுநீரகத்தைத்தான்.